ரொம்ப யோசிப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு: ஹராரே பாட்டிகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2005இல், ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவுக்கு ஒரு போன் வந்தது. அவரிடம் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் தற்கொலைக்கு முயன்று, தொலைவில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறியதும் அம்மாவோடு ஹராரேவுக்கு வரட்டும் என்று பேசி முடித்தார்கள். ஒரு வாரம் போனது, வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் போனது. அப்புறம் அந்த அம்மாவே கூப்பிட்டார். மகள் இறந்துவிட்டாள். ஏன் அழைத்து வரவில்லை என்று மருத்துவர் கேட்டார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்றார் அம்மா.

சிபாண்டா இதைப் பிற்பாடு மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருந்தால் இப்படித்தான் ஆகும், நாம்தான் அவர்கள் இருக்கும் தெருவுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது இங்கேதான். ஆனால் போவதற்கு ஆள் எங்கே? சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் வாழும் அந்த நாட்டில் பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவர்கள்தான் இருந்தார்கள்.

பதினான்கு பாட்டிகள்

அதே 2005 மே மாதம் ஜிம்பாப்வே அரசு நகரங்களில் இருந்த குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ள ஆரம்பித்தது. அந்த நடவடிக்கைக்கு முரம்பட்ஸ்வினா என்று பெயர். ஷோனா மொழியில் ‘குப்பையை விரட்டு’ என்று பொருள். குப்பை என்று சொன்னது மனிதர்கள் குடியிருந்த இடத்தை. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் தூதர் கணக்கிட்டார். ஹராரேயின் பழைய குடியிருப்புகளில் ஒன்றான ம்பாரேயும் அடி வாங்கியது. நகரத்தின் பெரிய சந்தையும் பேருந்து நிலையமும் அங்கேதான். ஏற்கெனவே எச்ஐவி வீட்டுக்கு வீடு ஆளை எடுத்துக்கொண்டிருந்த காலம். பெற்றோர் இறந்து, பேரப்பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்த்துக்கொண்டிருந்த வீடுகள் ஏராளம்.

இந்த ம்பாரேயில் ஏதாவது செய்ய வேண்டும் என்று சிபாண்டா சுகாதாரத் துறை அதிகாரிகளிடம் கேட்டார். பணம் இல்லை, நர்ஸுகளுக்கு நேரம் இல்லை, கிளினிக்கில் ஓர் அறைகூட இல்லை என்றார்கள். வேண்டுமானால் பதினான்கு பாட்டிகளைத் தருகிறோம் என்றார்கள்.

அந்தப் பாட்டிகள் சும்மா வீட்டில் இருந்தவர்கள் இல்லை. நகராட்சி சுகாதாரத் துறையின் அடிமட்டப் பணியாளர்கள். ‘அம்புயா உதானோ’ என்று ஊர் கூப்பிடும், அதாவது சுகாதாரப் பாட்டி. நம் ஊர் கிராம சுகாதாரப் பணியாளர்களைப் போல, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை, யார் காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டார் என்று பார்ப்பது அவர்கள் வேலை. சில வருடப் பள்ளிப் படிப்புதான். உளவியல் என்ற சொல்லுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. சிபாண்டாவுக்கே ஆரம்பத்தில் நம்பிக்கை வரவில்லை. வேறு வழியில்லாமல்தான் 2006இல் தொடங்கினார். அறை இல்லாததால் கிளினிக் வளாகத்தில் மரத்தடியில் ஒரு மர பெஞ்சைப் போட்டார்கள்.

அந்தப் பலகையில் எழுதியிருந்த பெயர்

முதலில் அதற்கு ‘மனநல பெஞ்சு’ என்று பெயர் வைத்தார்கள். யாரும் வரவில்லை. வருவார்களா? அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைச் சந்தைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் போதுமே, சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ‘அவளுக்குப் பைத்தியம்’ என்று ஆகிவிடும்.

பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள். ‘சிகாரோ செகுபனமஸானோ’ என்றார்கள். ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் இருக்கை என்று பொருள். வெளி உலகத்துக்கு அது நட்பு பெஞ்சு ஆனது. அதற்குப் பிறகு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லையும் அவர்கள் எடுக்கவில்லை. ஷோனா மக்களிடம் அதற்குச் சொந்தமாக ஒரு சொல் இருக்கிறது: குஃபுங்கிசிசா. நேர்ப் பொருள், அளவுக்கு மீறி யோசிப்பது. தூக்கம் போய்விட்டது, தலை கனக்கிறது, ஒன்றையே மனசு சுற்றிச் சுற்றி வருகிறது, வேலை ஓடவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், ‘உனக்கு குஃபுங்கிசிசா’ என்று ஊரே சொல்லும். அதில் அவமானம் இல்லை. யோசிப்பது யாருக்கும் வரக்கூடியதுதானே.

இந்தச் சொல்லை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நம்மிடமும் இதே சொல் இருக்கிறது. என் அத்தை ஒருவர் இரண்டு வருடமாக ‘ராத்திரி படுத்தா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குப்பா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லை என்று ஸ்கேன் எடுத்தார், கேஸ் டிரபுள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார், எதிலும் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அவரிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னோம்: ‘ரொம்ப யோசிக்காதீங்க அத்தை.’ அன்பாகத்தான் சொன்னோம். ஆனால் அதைச் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். அவரும் ‘சரிப்பா’ என்று காபி போட உள்ளே போய்விடுவார்.

ஹராரே பாட்டி இதே இடத்தில் பேச்சை ஆரம்பிக்கிறார். ‘ரொம்ப யோசிக்கிறாயா? சரி, என்ன யோசிக்கிறாய், சொல்லு’ என்கிறார். இந்த நிகழ்வு முழுவதிலும் நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

பெஞ்சில் என்ன நடக்கிறது

மரத்தடியில் ஒரு பாட்டி ஆறுதல் சொல்கிறார் என்று மட்டும் இதைப் புரிந்துகொண்டால் பாதியைத் தவறவிட்டுவிடுவோம். அங்கே ஒரு முறை இருக்கிறது. பாட்டிகளுக்கு அதில் பயிற்சி உண்டு, அவர்களுக்கு மேலே மேற்பார்வை உண்டு.

கிளினிக்குக்கு வருபவரிடம் முதலில் பதினான்கு கேள்விகள் கேட்கப்படும். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். கடந்த ஒரு வாரத்தில் அளவுக்கு மீறி யோசித்தீர்களா? தூக்கம் கெட்டதா? சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா? வயிறு வலித்ததா? அழுதீர்களா, அழ வேண்டும் போல இருந்ததா? முடிவெடுக்கச் சிரமப்பட்டீர்களா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா? இதற்கு ஷோனா அறிகுறி வினாப்பட்டியல் என்று பெயர். இதில் வயிற்று வலி ஒரு கேள்வியாக இருப்பதைப் பாருங்கள். மன வேதனை எந்த வழியாக வெளியே வரும் என்று அந்த மக்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய கேள்விகள் இவை.

எழுதியவர் ஓர் இந்தியர் என்பது நமக்குச் சுவையான செய்தி. மனநல மருத்துவர் விக்ரம் படேல் 1990களில் ஹராரேயில் இருந்தபோது, அங்குள்ள நாட்டு வைத்தியர்களிடமும் நர்ஸுகளிடமும் நோயாளிகளிடமும் பேசிப் பேசி இதை உருவாக்கினார். பிறகு கோவாவுக்கு வந்து, ‘சங்காத்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அங்கேயும் இதே வழியில் ஒரு வேலை நடந்தது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பதினான்கில் ஒன்பது அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ வந்தால் அவரைப் பெஞ்சுக்கு அழைப்பார்கள். முதல் அமர்வுதான் நீளம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும். அதற்கு ‘குவூரா ஃபுங்வா’ என்று பெயர், மனசைத் திறப்பது. பாட்டி கேட்கிறார், வந்தவர் சொல்கிறார். எல்லாக் கஷ்டமும் வரிசையாக வெளியே வரும். வாடகை பாக்கி. புருஷனுக்கு வேலை இல்லை. எச்ஐவி இருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டவில்லை. மாமியார் பேசுவதில்லை.

இதில் எல்லாவற்றையும் தீர்க்கப் பாட்டி கிளம்புவதில்லை. ‘இதில் எதை முதலில் எடுக்கலாம்?’ என்று கேட்பார். தேர்ந்தெடுக்க வேண்டியவர் வந்தவர்தான். அவர் பள்ளிக் கட்டணம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அதைத் துலக்க வேண்டும். எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள், யாரிடம் பேச வேண்டும், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? பிறகு வழிகளை யோசிப்பது. தலைமை ஆசிரியரைப் பார்த்து இரண்டு தவணை கேட்கலாம், தம்பியிடம் கேட்டுப் பார்க்கலாம், தக்காளி வாங்கி வாசலில் விற்கலாம். அசட்டு யோசனையாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் சொல்லி வைப்பது. அப்புறம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எப்படி என்று முடிவு செய்துகொண்டு கிளம்புவது.

மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று தெரியும். எல்லாக் கவலையும் ஒரே உருண்டையாகச் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தொடவே முடியாது. அதிலிருந்து ஒரு நூலை இழுத்து, ‘செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்’ என்று ஆக்கும்போது கை கால் அசைய ஓர் இடம் கிடைக்கிறது. மருத்துவத்தில் இதற்குப் பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை என்ற பெயர் உண்டு. பாட்டிகள் அப்படி எல்லாம் சொல்வதில்லை. மனசைத் திறந்த பிறகு ‘குசிமுட்சிரா’, தூக்கி விடுவது. அதற்குப் பிறகு ‘குசிம்பிசா’, உறுதிப்படுத்துவது. மூன்று சொற்களும் ஷோனா மக்கள் வீட்டில் பேசுகிற சொற்கள்.

பாட்டிகளுக்கு இதில் கஷ்டமாக இருந்த விஷயம் ஒன்று. வாழ்நாள் முழுக்க அறிவுரை சொல்லியே பழகியவர்கள் அவர்கள். பெஞ்சின் பெயரிலேயே யோசனை சொல்வது என்று இருக்கிறது. ஆனால் பயிற்சி, வாயை மூடிக் கேள் என்கிறது. ‘நீ இப்படிச் செய்’ என்று சொல்லாமல், அவரே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி தனக்குத் தெரிந்த விடையை வாயிலேயே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? எனக்கு இதுவே அந்தப் பயிற்சியின் உயிர் என்று தோன்றுகிறது.

மொத்தம் ஆறு அமர்வுகள். முதல் தடவைக்குப் பின் வருபவை குறைவான நேரம் எடுக்கும். இடையில் போனிலோ குறுஞ்செய்தியிலோ நினைவுபடுத்துவார்கள். அடுத்த முறை வந்தவுடன் பாட்டி கேட்பது, ‘போட்ட திட்டம் என்ன ஆச்சு?’ என்றுதான். நடக்கவில்லை என்றால் திட்டுவதில்லை. ஏன் நடக்கவில்லை என்பதே அன்றைய பேச்சு.

சில அமர்வுகளுக்குப் பிறகு இன்னொரு கதவு திறக்கிறது. ‘குபதானா தோசே’, கைகோத்துச் சேர்ந்திருப்பது என்று பெயர். ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த பெண்கள் வட்டமாகக் கூடுவார்கள். பழைய பிளாஸ்டிக் பைகளை நீள நீளமாக வெட்டி, அதையே நூலாக்கிக் குரோஷா ஊசியில் கைப்பை பின்னுவார்கள். பின்னிக்கொண்டே பேச்சு. கண் கையில் இருக்கும், அதனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே கஷ்டத்தைச் சொல்லிவிடலாம். பூ கட்டிக்கொண்டும் பீடி சுற்றிக்கொண்டும் நம் பெண்கள் பேசுகிற பேச்சைக் கேட்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பையை விற்றுக் காசும் வரும். பேசுவதற்காகப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல முடியாத பெண்ணுக்கு, பை பின்னப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வழி கிடைத்தது.

அளந்து பார்த்தது

நல்ல எண்ணத்தோடு தொடங்கி நாலு வருடத்தில் காணாமல் போன திட்டங்கள் எத்தனையோ. இது நிலைத்து நின்றதற்கு, அளந்து பார்த்தார்கள் என்பது பெரிய காரணம். 2009 தொடக்கத்தில் நூறு டிரில்லியன் டாலர் நோட்டு அடித்த நாடு அது. பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போன அந்த வருடங்களிலும் பாட்டிகள் பெஞ்சை விடவில்லை.

2014 செப்டம்பரில் ஹராரேயின் 24 கிளினிக்குகளை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பாட்டிகளின் பெஞ்சு. மறுபாதியில் வழக்கமான சிகிச்சை, அதையும் சற்று மேம்படுத்திக் கொடுத்தார்கள்: நர்ஸ் பார்ப்பார், பேசுவார், தேவைப்பட்டால் மருந்துக்கு வழி செய்வார். மொத்தம் 573 பேர் சேர்ந்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள், நாற்பது சதவீதத்துக்கு மேல் எச்ஐவி உள்ளவர்கள்.

முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சைப் பக்கத்தில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுப் பக்கத்தில் 13.7 சதவீதம். பாதிப் பேர் எங்கே, ஏழில் ஒருவர் எங்கே! பதினான்கு கேள்விகளில் சராசரி ‘ஆம்’, வழக்கமான சிகிச்சைப் பக்கத்தில் 8.9, பெஞ்சுப் பக்கத்தில் 3.8.

அப்புறம் வேகம் பிடித்தது. ஹராரே, சிடுங்விசா, குவேரு நகரங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட கிளினிக்குகளுக்குப் பெஞ்சு போனது. மலாவி, சான்சிபார், நியூயார்க் என்று தூரமும் போனது. 2022இல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது 32 அணிகளுக்கும் ஆளுக்கொன்றாக 32 பெஞ்சுகள் வைத்தார்கள். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது நல்லதுதான். ஆனால் பெஞ்சு வெறும் மரம். அதில் பாட்டி இல்லாமல் அதற்கு வேலை இல்லை.

கோவாவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஓரளவு கடுமையான, மிகக் கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை வைத்து நடந்த ஆய்வு. உளவியல் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். அங்கேயும் ‘டிப்ரெஷன்’ என்று பேசவில்லை, ‘டென்ஷன்’ என்றே பேசினார்கள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள். பெறாதவர்களில் 39 சதவீதம். 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆக, ஹராரேயில் மட்டும் நடந்த அதிசயம் என்று இதைத் தள்ளிவைக்க முடியாது.

பெஞ்சால் ஆகாதது

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஹராரே ஆய்வில், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தவர்களையும், மனப்பிறழ்வு நிலையில் இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. அவர்களைப் பாட்டியிடம் விடுவதில்லை, மேலே அனுப்புவார்கள். உயிரை விடலாம் என்ற கேள்விக்கு ‘ஆம்’ வந்தால் பாட்டி தனியாக முடிவெடுக்க மாட்டார், மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார். அந்தக் கேள்வியை நேராகக் கேட்பதற்குப் பாட்டிகள் தயங்குவதில்லை. நாமும் தயங்க வேண்டியதில்லை. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், கேட்பவர்களிடம்தான் மனம் திறப்பார்கள். ‘ஆம்’ என்று வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டும் மனநல உதவிக்காகவே இருக்கும் தொலைபேசி எண்கள்.

மருந்து தேவைப்படுபவர்களுக்கு மருந்து தேவைதான். பாட்டியின் முறை வேலை செய்கிறது என்பதை வைத்துக்கொண்டு ‘மாத்திரையை நிறுத்து, பேசினால் போதும்’ என்று யாராவது சொன்னால், அது தப்பு. இன்னொன்று, வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் பெஞ்சுக்கு வருவது குறைவு. அவர்களுக்கும் யோசனை மண்டையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சொல்ல இடம் சாராயக் கடையாக இருக்கிறது. ஹராரே இதற்கு முழு விடை தரவில்லை. மேலும், பாட்டிகள் இலவசமாக உழைக்கவில்லை. நகராட்சி அவர்களுக்கு ஒரு சிறு தொகை தருகிறது. நம் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் மறந்துவிடுவது அதைத்தான். அன்பு இருக்கிறதே, காசு எதற்கு என்பார்கள். வயதான பெண்ணின் உழைப்பைச் சும்மா வாங்குவது நமக்கு அவ்வளவு பழகிவிட்டது.

வறுமையையும் பெஞ்சு தீர்க்காது. பள்ளிக் கட்டணம் அடுத்த வருடமும் வரும். இடித்த வீட்டைப் பாட்டி கட்டித் தர முடியாது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு நான் அத்தையிடம் போனேன். பாட்டி கேட்டதைக் கேட்டேன்: ‘என்ன யோசிக்கிறீங்க அத்தை?’ முதலில் ‘ஒண்ணுமில்லப்பா’ என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், அப்புறம் சொன்னார். மருமகனுக்காக மகளிர் குழுவில் தன் பெயரில் கடன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் கட்டவில்லை. புதன்கிழமை தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் எல்லோருக்கும் பேச்சு விழும். செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில்தான் அவருக்குத் தூக்கமே வராது. இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமைகள் இருந்திருக்கின்றன, எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

‘பணத்தை நான் கட்டிவிடுகிறேன்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, ‘இதுல எதை முதல்ல பார்க்கலாம் அத்தை?’ என்று கேட்டேன். குழுத் தலைவியிடம் முதலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். நான் நினைத்ததே இல்லை அது. ஞாயிறு சாயங்காலம் போவதாக முடிவு செய்தார். தூக்கத்துக்கும் பசியின்மைக்கும் மனநல மருத்துவரைப் பார்க்கவும் ஒப்புக்கொண்டார். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்.

கடன் இன்னும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் போன் செய்கிறேன். போன வாரம் அரை மணி நேரம் பேசினார், பாதி நேரம் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி.